பின்வாசல் பரீட்சை

கிரென்விக் ஊரில் பரீட்சை முடிவு நாளன்று துப்பறியும் நிபுணன் வால்ஃபிரிட் ஓக்கர்புளூம் எந்த வழக்கையும் எடுத்துக்கொள்வதில்லை. ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதிரே இருப்பது பள்ளிக்கூடம். அன்றைக்கே நடக்கும் கடைசி வாய்மொழிப் பரீட்சையில் தேறியவர்கள் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக ஓடிவருவார்கள். ஊரே பூச்செண்டும் கையுமாக நின்று அவர்களைத் தோளில் தூக்கும். தேறாதவர்கள் சத்தமில்லாமல் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். வால்ஃபிரிட் அந்தப் பின்வாசல் வழியாக மூன்று முறை போயிருக்கிறான். பள்ளிக்கூடத்தின் சரித்திரத்தில் இன்றுவரை யாராலும் முறியடிக்க முடியாத சாதனை அது.

1909-ஆம் வருஷத்து ஜூன் மாதமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். ஆனால் இந்தத் தடவை பஞ்சு போதவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு பாண்டு கோஷ்டி ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருந்தது.

"முதலாளி, யாரோ மாடிப்படி ஏறி வர்றாங்க," என்றாள் தெக்லா.

"நான் இல்லைன்னு சொல்லிடுங்க."

"அதை நம்பவைக்கறது கஷ்டமே இல்லை. நீங்க இருக்கும்போதே பல பேர் அப்படித்தான் நினைக்கறாங்க."

தெக்லா ரீதேலியுஸ் அவனுடைய உதவியாளர். இதே பரீட்சையில் முதலாவதாகத் தேறி, உப்சாலா பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்து, பட்டமும் வாங்கியவள். பெண்ணுக்குச் சர்க்காரில் பெரிய உத்தியோகம் கிடையாது என்று சட்டம் கையை விரித்துவிட்டதால், மூன்று தடவை தோற்றவனிடம் தட்டெழுத்து வேலைக்கு வந்து சேர்ந்தாள். இந்த விஷயத்தைத் தினம் ஒரு தடவையாவது அவனுக்கு ஞாபகப்படுத்துவது அவள் சம்பளமில்லாமல் செய்யும் வேலை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள் மொத்த மீன் வியாபாரி சண்ட்மார்க்கின் மனைவி ஹெத்தா. கையில் வட்டமான அட்டைப் பெட்டி ஒன்று. அதில் புதுத் தொப்பி இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளன் தேவையில்லை.

"என் பையன் ஏலோஃப் வெளியில வரலை," என்றாள். உட்காரக்கூட இல்லை. "அவனோட உள்ள போன நாலு பேரும் தொப்பியோட வந்துட்டாங்க. ஒருத்தன் வீட்டுல கேக்கே வெட்டியாச்சு. இவனை மட்டும் காணோம்."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அலங்காரம் பண்ணின வண்டியில உக்காந்திருக்கார். இறங்க மாட்டேங்கறார், வீட்டுக்கும் போக மாட்டேங்கறார். பாண்டுக்காரங்களை நிறுத்தச் சொல்லவும் அவருக்கு வாய் வரலை. 'பின்வாசல்ல போனவனை நான் தேடிப் போக மாட்டேன்'னு ஒரே பேச்சு." அவள் தொப்பிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ரெண்டு வருஷம் முன்னாடி அந்த வாசல் வழியா போன பையனை ஆத்துலேருந்துதான் தூக்கினாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

வால்ஃபிரிட் காதிலிருந்து பஞ்சை எடுத்தான். அவனுக்குத் தெரியும்.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"பின்வாசல் தெருவுல போய்ப் பாக்கறது மரியாதை இல்லைன்னுட்டார் போலீஸ்காரர். அந்த வாசலைப் பத்தி இந்த ஊர்ல உங்களைவிடத் தெரிஞ்சவங்க யாருமில்லைன்னு எல்லாரும் சொன்னாங்க."

தெக்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது. வால்ஃபிரிட் தொப்பியை எடுத்து மாட்டினான். சாதாரணத் தொப்பி, பழுப்பு நிறம்.

*

தலைமையாசிரியர் வீபெர்க் தன் அறைக் கதவைப் பாதிதான் திறந்தார். கழுத்தில் கைக்குட்டை செருகியிருந்தது, கையில் முள்கரண்டி. அவருக்குப் பின்னால் பரீட்சை விருந்து நடந்துகொண்டிருந்தது. சால்மன் மீன் வாசனை வந்து வால்ஃபிரிட்டின் மூக்கைத் துளைத்தது. நாற்பது வயது ஆகியும் இந்த மனிதர் முன்னால் நின்றால் அவனுக்குக் கைவிரல் நகங்களை ஒளித்துக்கொள்ளத் தோன்றும். இன்றும் ஒளித்துக்கொண்டான்.

"ஓக்கர்புளூம்! நீயா? மறுபடியும் எழுத வந்திருக்கியா?"

"இல்லைங்க ஐயா. ஏலோஃப் சண்ட்மார்க் தேறினானா, தோத்தானான்னு தெரிஞ்சுக்கணும்."

"ரெண்டும் இல்லை."

"அது எப்படிங்க ஐயா ரெண்டும் இல்லாம இருக்கும்? நான் ரொம்ப நாள் முயற்சி பண்ணியும் அப்படி ஒரு இடம் கண்ல படலையே."

தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தினார். "விலங்கியல் வாய்மொழிப் பரீட்சை பாதியில நின்னுபோச்சு. அதுக்கு மேல கேக்காதே. உப்சாலாவுலேருந்து வந்திருக்கிற பரீட்சகர்கள் மூணு பேரும் ஒண்ணா உக்காந்து தீர்ப்பு சொல்லணும், அதுதான் சட்டம். ஆறு மணிக்கு அவங்க கப்பல் ஏறிடுவாங்க. அதுக்குள்ள தீர்ப்பு இல்லேன்னா பையனுக்கு அடுத்த வருஷம்தான்."

"அடுத்த வருஷம் கிடையாதுங்க," என்றாள் பின்னாலேயே வந்துவிட்ட சண்ட்மார்க் அம்மா. "இந்தத் தடவை தேறலேன்னா நேரா ஹெர்ரிங் மீன் கிடங்குக்கு வந்துடணும்னு அவங்கப்பா சொல்லிட்டார். பையன் உப்சாலாவுல பேர் பதியணும்னு மூணு வருஷமா கனவு கண்டுட்டிருக்கான்."

தலைமையாசிரியரின் முகத்தில் ஏதோ சொல்ல வந்து விழுங்கியது தெரிந்தது. பிறகு கதவு சாத்திக்கொண்டது.

"பையன் கேள்விக்குப் பயந்து எழுந்து ஓடியிருக்கான்," என்றான் வால்ஃபிரிட். "தெளிவாத் தெரியுது."

"உங்களுக்கு எது தெளிவாத் தெரியுதோ, அதை நான் உடனே அழிச்சுடறது வழக்கம்," என்றாள் தெக்லா.

*

பின்வாசலில் வால்ஃபிரிட் தன் சொந்த வீட்டுக்கு வந்தவனைப் போல நின்றான். மழையில் ஊறி உப்பிய பழைய கதவு. சுண்ணாம்பு அடித்தது. திறக்க வேண்டுமானால் ஒரே வழிதான்: இடது பக்கம் கீழே ஓர் உதை. இது இந்தப் பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரியும். லத்தீன் தெரியாமல் வெளியே போனவர்கள் உண்டு. இந்த உதை தெரியாமல் போனவர்கள் கிடையாது.

"இங்க பாருங்க. கீழே புதுசா பூட்ஸ் அடையாளம். சரியான இடத்துல சரியான உதை. ஏலோஃப் இந்த வழியாத்தான் போயிருக்கான்."

"மேல இருக்கற அடையாளம்?"

தோள் உயரத்தில் சுண்ணாம்பு ஒரு பட்டையாக உரிந்திருந்தது. யாரோ தோளைக் கொடுத்து முட்டியிருக்கிறார்கள், ஒரு தடவை இல்லை, பல தடவை. கதவு மசியவில்லை. அதற்குப் பிறகுதான் யாரோ உதைத்திருக்கிறார்கள்.

வால்ஃபிரிட்டுக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு பேர்! தெரியாதவன் ஒருத்தன் முட்டிப் பாத்திருக்கான். தெரிஞ்சவன் வந்து உதைச்சுத் திறந்திருக்கான். ஏலோஃபோட ஒரு வெளியாள் இருந்திருக்கான்."

"பரவாயில்லையே. மூணு தடவை தோத்ததுக்கு இன்னிக்குத்தான் பலன் கிடைச்சிருக்கு."

"படிப்பு என்னிக்கும் வீண் போகாதுன்னு எங்கப்பா சொல்வார். அவர் சொன்னது வேற படிப்பு."

கதவை உதைத்துத் திறந்து தெருவில் இறங்கினார்கள். அந்தத் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பரீட்சை நாளில் பின்வாசல் கதவுச் சத்தம் கேட்டதும் வீடுகளில் திரை இழுபடும். நடந்து போகிறவர்கள் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொள்வார்கள். தோற்றவன் முகத்தை யாரும் பார்க்காவிட்டால் அவன் பாதிதான் தோற்றான் என்பது கிரென்விக்காரர்களின் கணக்கு. தோற்று வருகிறவனுக்கு அது பெரிய ஆறுதல். வால்ஃபிரிட் அந்த ஆறுதலை மூன்று தடவை அனுபவித்திருக்கிறான். ஆனால் துப்பறிகிறவனுக்கு இதைவிட மோசமான தெரு உலகத்தில் எங்கும் கிடையாது. சாட்சிகள் எல்லாரும் சம்பவ இடத்திலேயே இருந்தார்கள். ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்கள்.

"நான் பாக்கவே இல்லை," என்றார் மரம் அறுத்துக்கொண்டிருந்த ஒருவர். "சத்தம் கேட்டதும் ரம்பத்தைக் கீழே போட்டுட்டுக் கண்ணை மூடிட்டேன்."

"நாங்க போன தடவையே பாக்கலை," என்றாள் எதிர்வீட்டு அம்மா.

இப்போதும் பாதிப் பேர் வால்ஃபிரிட்டைக் கண்டதும் பழக்கதோஷத்தில் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "நான் இப்ப தோக்கலைங்க, வேலையா வந்திருக்கேன்!" என்று அவன் நாலு வீட்டு வாசலில் கத்த வேண்டியிருந்தது.

*

தெரு மூலையில் லொவீசா அக்காவின் பேக்கரி. பின்வாசல் வழியாக வருகிறவர்கள் முதலில் கடக்கிற கடை அது.

"வந்தாங்கப்பா," என்றாள் லொவீசா அக்கா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே. "கதவு மணி அடிச்சதும் நான் சுவரைப் பாத்துத் திரும்பிட்டேன். காசை மேசை மேல வெச்சுட்டு நீங்களே எடுத்துக்குங்கன்னேன். ரெண்டு ஏலக்காய் பன் கேட்டது ஏலோஃப். அந்தக் குரலை அவன் இத்தனூண்டா இருக்கும்போதிருந்து எனக்குத் தெரியும்."

"பன் கேட்டானா?" வால்ஃபிரிட் அதிர்ந்துபோனான். "அக்கா, தோத்தவன் பன் திங்க மாட்டான். தொண்டையில இறங்காது. நான் மூணு தடவையும் முயற்சி பண்ணிப் பாத்திருக்கேன்."

"தெரியும்பா. மூணு தடவையும் ஜன்னல் திட்டுல வெச்சுட்டுப் போனியே, நாய் தின்னுச்சு."

"கூட வந்தவன் என்ன பேசினான்?"

"அவன் ஒரு தினுசான ஆளு. 'ஏம்ப்பா, இந்தம்மா எதுக்கு சுவரைப் பாத்துட்டு நிக்கறாங்க? கண்ணுல ஏதாவது கோளாறா?'ன்னு கேட்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. இந்த ஊர்ல பிறந்தவன் எவனாவது அப்படிக் கேப்பானா?"

வால்ஃபிரிட் தெக்லாவை வெளியே இழுத்துக்கொண்டு வந்தான். முகம் ஜொலித்தது.

"வெளியூரான். கதவு திறக்கத் தெரியாது, ஊர் மரியாதை தெரியாது. பரீட்சையில மனசு உடைஞ்ச பையனுக்குப் பன் வாங்க வெச்சு, தேனாப் பேசிக் கூட்டிட்டுப் போறான். இது யாருன்னு நினைக்கறீங்க? அமெரிக்கா ஏஜென்ட்! ஆளைப் பிடிச்சுக் கப்பல் ஏத்திவிடறவன்! இன்னேரம் பையனுக்கு மினசோட்டாவுல நூறு ஏக்கர் நிலம்னு சொல்லியிருப்பான்."

"அந்த ஏஜென்ட் சிக்கனமானவன் போலிருக்கு. பன்னுக்குக் காசு பையன்தான் கொடுத்திருக்கான்."

"அதுதான் அவங்க தந்திரம்!"

தெக்லா பேக்கரி ஜன்னல் திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கசங்கிய காகிதம் ஒன்று கிடந்தது. அதில் சர்க்கரைத் துகள்தான் மிச்சம். பக்கத்தில் இன்னொரு காகிதம், அதன் மேல் ஒரு முழு பன். ஒரு கடிகூடக் கடிக்கவில்லை. விரலால் அழுத்திப் பார்த்த பள்ளம் மட்டும் இருந்தது.

வால்ஃபிரிட்டின் ஜொலிப்பு அணைந்தது. அவனுக்கு அந்த பன் நன்றாகத் தெரியும். எடுப்போம், அழுத்திப் பார்ப்போம், வைத்துவிடுவோம். அதற்குப் பிறகு கால் எங்கே போகிறதென்று நமக்கே தெரியாது.

"ஒருத்தன் தின்னிருக்கான், ஒருத்தன் திங்கலை," என்றான் மெதுவாக. "தின்னவன் ஏஜென்ட். திங்காதவன் ஏலோஃப்."

"இதுல பழுப்பா ஏதோ பொடி இருக்கே." தெக்லா குனிந்து முகர்ந்தாள். தும்மினாள். "மூக்குப்பொடி. பத்தொன்பது வயசுப் பையன் மூக்குப்பொடியா..."

ஆனால் வால்ஃபிரிட் கேட்கவில்லை. கடைக்குள் தலையை நீட்டி, "அக்கா, எந்தப் பக்கம் போனாங்க?" என்று கத்தினான்.

"வலது பக்கம். கல்லுல நடந்த சத்தம் நின்னு பலகைச் சத்தம் வந்துச்சே."

இடது பக்கம் போனால் சாராயக் கடை. நேரே போனால் பெரும்பாலான பையன்களுக்கு யாராவது ஓர் அத்தை வீடு இருக்கும். வலது பக்கம் பலகை நடைபாதை ஆற்று முகத்துக்குப் போகிறது. வால்ஃபிரிட் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஓட ஆரம்பித்தான்.

*

ஓடுவதற்கு என்று படைக்கப்பட்ட உடம்பு இல்லை அவனுடையது. பாதி தூரத்திலேயே தெக்லா அவனை எட்டிப் பிடித்துவிட்டாள். நீளப் பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி, மூச்சு வாங்காமல் பேச வேறு செய்தாள்.

"முதலாளி, தலைமையாசிரியர் ரூம்ல சாப்பாட்டு மேசையைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். சால்மன். உருளைக்கிழங்கு. வெள்ளரிக்காய்..."

"நான் தட்டுகளைப் பாத்தேன். நாலு தட்டு. ரெண்டுல ரெண்டு பரீட்சகர்கள் சாப்பிட்டுட்டிருந்தாங்க. மூணாவது பாதி சாப்பிட்டது. அது தலைமையாசிரியரோடது, முள்கரண்டி அவர் கையில இருந்துது. நாலாவது தட்டுல ஒண்ணுமே இல்லை. மடிச்ச துணிகூடப் பிரிக்கலை."

"அதனால?"

"பரீட்சகர்கள் மூணு பேர்னு அவரே சொன்னாரே. மூணாவது ஆள் எங்க?"

வால்ஃபிரிட் ஓடுவதை நிறுத்தினான். நிறுத்தியதற்குக் காரணம் பாதி அந்தக் கேள்வி, பாதி எதிரே கண்ட காட்சி.

பழைய குளியல் கொட்டகையின் மரமேடையில் ஏலோஃப் சண்ட்மார்க் உட்கார்ந்திருந்தான். உயிரோடு, தெளிந்த முகத்தோடு, தாடையில் சர்க்கரையோடு. மடியில் ஒரு ஜோடி விலையுயர்ந்த பூட்ஸை வைத்திருந்தான். அவனுக்கு முன்னால், முழங்கால் ஆழத் தண்ணீரில், கறுப்புக் கோட்டும் மடித்துவிட்ட கால்சட்டையுமாக ஒரு கிழவர் குனிந்து நின்றிருந்தார். நெஞ்சு வரை வெள்ளைத் தாடி, அதில் பழுப்பாக மூக்குப்பொடி.

அந்தத் தாடியை வால்ஃபிரிட் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அது செம்பட்டையாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"புரொஃபசர் ஹுல்ட்மான்," என்றான். குரல் கீச்சிட்டது.

"அமெரிக்கா ஏஜென்ட்டுக்கு நல்லா வயசாயிடுச்சு," என்றாள் தெக்லா.

ஏலோஃப் எழுந்து நின்றான். "நான் அவரை விட்டுட்டு வர முடியலைங்க. சார் இப்படிப் பண்ணுவார்னு எனக்குத் தெரியாது. என்னை விலாங்கு மீன் எங்க முட்டையிடுதுன்னு கேட்டார். தெரியலைன்னேன். 'என் புத்தகத்துல ஒரு அத்தியாயமே இருக்கே, ஆத்து முகத்துச் சேத்துல முட்டையிடுதுன்னு எழுதியிருக்கேனே, படிக்கலையா?'ன்னார். படிச்சேன் சார், ஆனா எங்கப்பாவும் அவர் ஆளுங்களும் முப்பது வருஷமா இந்த ஆத்து முகத்துல விலாங்கு பிடிக்கறாங்க, ஒரு முட்டையைக்கூட யாரும் பாத்ததில்லை, நீங்க பாத்திருக்கீங்களான்னு கேட்டேன்." அவன் கையிலிருந்த பூட்ஸைப் பார்த்தான். "எதிர்த்துக் கேக்கலைங்க. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டேன். அதைக் கண்டுபிடிக்கத்தான் உப்சாலாவுக்குப் போகணும்னு நினைச்சேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"'இல்லை'ன்னார். எழுந்து போயிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு நான் வெளிய வந்து பாத்தா, பின்வாசல் கதவை முட்டிட்டிருந்தார்."

ஆக, அன்றைக்குப் பின்வாசல் வழியாகப் போன தோல்விக்காரர் ஒருவர்தான். உப்சாலா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர்.

"தலைமையாசிரியர் ஏன் வாயைத் திறக்கலைன்னு இப்ப புரியுது," என்றாள் தெக்லா. "மாணவன் ஓடினா பள்ளிக்கூடத்துக்கு வெக்கம். பரீட்சகரே ஓடினா ராஜாங்கத்துக்கே வெக்கம்."

கிழவர் நிமிர்ந்தார். "ஒரு தடவைகூட நான் தண்ணியில இறங்கிப் பாத்ததில்லை," என்றார் யாரிடம் என்று இல்லாமல். "எனக்கு முன்னாடி ஒருத்தர் எழுதினார். அவரைப் பாத்து நான் எழுதினேன். என்னைப் பாத்து எல்லாரும் எழுதறாங்க."

"சார், மேல வாங்க," என்றான் வால்ஃபிரிட். "ஆறு மணிக்குக் கப்பல். நீங்க வந்து உக்காந்தாத்தான் இந்தப் பையனுக்குத் தீர்ப்பு."

"மாட்டேன். எந்த யோக்கியதையில நான் தீர்ப்பு சொல்றது? முப்பது வருஷமா ஊர் ஊராப் போய் இதே கேள்வியைக் கேட்டிருக்கேன். 'தெரியாது'ன்னு சொன்ன ஒவ்வொருத்தனையும் பின்வாசல் வழியா அனுப்பியிருக்கேன். அவங்க சொன்னதுதானே சரியான விடை? அதுல எத்தனை பேர் படிப்பை விட்டாங்களோ, எத்தனை பேர்..." அவர் தண்ணீரைப் பார்த்தார். "அதுல ஒருத்தன் இப்ப என் முன்னால வந்து நின்னா நான் என்ன முகத்தை வெச்சுக்கிட்டுப் பேசுவேன்? இனிமே யாருக்கும் தீர்ப்பு சொல்ல மாட்டேன். சொல்லிடுங்க போய்."

"எனக்குப் பரவாயில்லை சார்," என்றான் ஏலோஃப். முகத்தில் பரவாயில்லை என்பதற்கான அறிகுறி எதுவும் இல்லை. துறைமுகத்தில் கப்பல் முதல் சங்கை ஊதியது.

வால்ஃபிரிட் மேடை விளிம்பில் போய் உட்கார்ந்தான். கிழவரையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"சார், நீங்க என்னைக்கூட ஃபெயில் பண்ணியிருக்கீங்க."

கிழவரின் முகம் பேயறைந்தது போல வெளுத்தது. "எந்த... எந்தக் கேள்விக்கு?"

"இதே விலாங்குதான். எண்பத்தேழாம் வருஷம்."

"நீ என்ன சொன்னே?"

"குதிரை வால் முடி தண்ணியில விழுந்து ஊறி விலாங்கா மாறுதுன்னு சொன்னேன்."

தாடியைத் தடவிக்கொண்டிருந்த கிழவரின் கை அப்படியே நின்றது.

"குதிரை வால்..."

"அதுவும் கறுப்புக் குதிரைதான் உசத்தின்னு சொன்னேன் சார். வெள்ளைக் குதிரை முடி போட்டா புழுதான் வரும்னு விளக்கம் வேற கொடுத்தேன். நீங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சீங்க. அதுக்கு முந்தின கேள்விக்கு வௌவாலைப் பறவைன்னு சொல்லியிருந்தேன்."

முதலில் தாடி ஆடியது. பிறகு தோள் ஆடியது. புரொஃபசர் ஹுல்ட்மான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, விழுந்துவிடாமல் இருக்க மேடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஏலோஃபும் சிரித்தான். வால்ஃபிரிட் தானும் சேர்ந்து, எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான்.

"சார், உங்க கணக்குல அநியாயமா தோத்தவங்க இருக்கலாம். என்னை மாதிரி நியாயமா தோத்தவங்களும் இருக்கோம், எங்களையும் மறந்துடாதீங்க. பழசுக்கெல்லாம் இன்னிக்கு ஒண்ணும் பண்ண முடியாது. இந்தப் பையனுக்குப் பண்ணலாம். நீங்க இங்க நின்னா, 'தெரியாது'ன்னு சொன்னவன் இன்னொருத்தன் வீணாப் போவான், அவ்வளவுதான்."

கிழவர் கையை நீட்டினார். வால்ஃபிரிட் இழுத்து மேலே ஏற்றினான். ஒரு கால் தண்ணீருக்குள் போய், கிட்டத்தட்ட அவனும் உள்ளே விழப் பார்த்தான்.

*

தீர்ப்புக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மூன்று பரீட்சகர்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருவருடைய கால்சட்டையிலிருந்து மட்டும் தரையில் தண்ணீர் சொட்டியது. வால்ஃபிரிட்டும் தெக்லாவும் கதவிடுக்கில் காதை வைத்துக் கேட்டார்கள்.

"விலாங்கு எங்கே முட்டையிடுகிறது?"

"தெரியாதுங்க சார்."

"சரியான விடை. எனக்கும் தெரியாது. தெரிஞ்சதும் எனக்கு எழுதணும்."

வெளியே போகும்போது வால்ஃபிரிட் திரும்பிப் பார்த்தான்: புரொஃபசர் அந்த நாலாவது தட்டின் முன் உட்கார்ந்து மடித்த துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

சண்ட்மார்க் அம்மா பெட்டியைத் திறந்து தொப்பியை மகன் தலையில் வைக்கும்போது அவசரத்தில் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவன் முன்வாசல் வழியாக ஓடியபோது அங்கே கூட்டம் எதுவும் மிச்சமில்லை. பிர்ச் மர இலைகள் வாடிப்போன அலங்கார வண்டியும், உதடு வீங்கிய பாண்டுக்காரர்களும்தான். மீன் வியாபாரி சண்ட்மார்க் வண்டியிலிருந்து இறங்கினார். ஏதோ அதட்ட வாயைத் திறந்தார், முடியவில்லை. மகனைக் கட்டிக்கொண்டு, நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க ஓவென்று அழுதார். பாண்டுக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அதே பாட்டை மறுபடி ஆரம்பித்தார்கள்.

வால்ஃபிரிட்டும் தெக்லாவும் தெருவைக் கடந்து அலுவலகத்துக்கு நடந்தார்கள். அவன் ஈரக் காலணி சளக் சளக் என்றது.

"நாளைக்குப் பேப்பர்ல போட்டா எப்படி இருக்கும்?" என்றான். "'அமெரிக்கா ஏஜென்ட்டைத் துரத்திய நிபுணர், புரொஃபசரைப் பிடித்தார்.' இனிமே தொலைஞ்சுபோன நாய்க் கேஸ்கூட வராது."

வழக்கமாக இந்த இடத்தில் தெக்லா குத்தலாக ஒன்று போடுவாள். போடவில்லை.

"குதிரை முடிக் கதை எங்க ஊர்ப் பண்ணையாளுங்க நம்பறது," என்றாள். "போன மாசம் நான்தான் அதை உங்களுக்குச் சொன்னேன். இப்படிக்கூட ஒரு கதை உண்டான்னு கேட்டு, நாற்காலிலேருந்து விழற மாதிரி சிரிச்சீங்க. அதுக்கு முன்னாடி உங்களுக்கு அது தெரியாது."

வால்ஃபிரிட் திருதிருவென்று விழித்தான். "உங்களை வேலைக்கு வெச்சது பெரிய தப்பு."

"எண்பத்தேழுல அவர்கிட்ட என்ன சொன்னீங்க, முதலாளி?"

அவன் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"'தெரியாதுங்க ஐயா'ன்னு சொன்னேன்."

பாண்டுச் சத்தம் கடைத்தெருப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. தெக்லா அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள்.

"கப்பல் இன்னும் கிளம்பலை. நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன். அவருக்குத் தெரியணும்."

"வேண்டாம்," என்றான் வால்ஃபிரிட். "இப்பத்தான் அந்த மனுஷன் சாப்பிட உக்காந்திருக்கார்."